வாசலோரப் பெட்டி

விடையைச் சட்டென்று சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையைக் கேட்டவர்களில், முதலில் சொன்ன விடையை மாற்றிக்கொள்ளாத ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மலையடிவார ஊர் ஒன்றில் தவசிக்கனி ஸ்டோர்ஸ் என்று பெரிய பலசரக்குக் கடை. அதன் முதலாளி தவசிக்கனி அண்ணாச்சி ஆடி மாதத்துக்கு ஒரு தர்மம் அறிவித்தார். சாமான் வாங்கி பில் போடும் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் டோக்கன். கடைக்குள் மூன்று பெட்டிகள்: கோசாலைக் கொட்டகைக்கு ஒன்று, பெண்கள் பள்ளிக் கழிப்பறைக்கு ஒன்று, ஒழுகும் நூலகக் கூரைக்கு ஒன்று. பிடித்த பெட்டியில் டோக்கனைப் போடலாம். மாத முடிவில் மக்கள் எதை விரும்பினார்களோ அந்த வேலையை அண்ணாச்சி தம் செலவில் முடித்துக் கொடுப்பார். "கொடுப்பது நாங்கள், தேர்ந்தெடுப்பது நீங்கள்" என்று போர்டும் மாட்டினார்.

பெட்டிகளை வைத்த அன்று பூஜை போட்டார்கள். பசு படம் ஒட்டிய கோசாலைப் பெட்டி மங்களகரமாக வாசலோரம் அமர்ந்தது. பள்ளிப் பெட்டி நடுவில். நூலகப் பெட்டிக்குக் கிடைத்தது அரிசி மூட்டைகளைத் தாண்டி உள்மூலை. பூஜை போட்டு வைத்ததை யாரும் நகர்த்தக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு.

கடையில் பில் போடுபவள் முப்பிடாதி. அவள் மகள் சுபிதா அந்தப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே கழிப்பறைக்குக் கதவும் கிடையாது, குழாயில் தண்ணீரும் கிடையாது. காலையில் கிளம்பும் பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரில் கிருமி என்று அந்த வருடம் இரண்டு முறை காய்ச்சலில் கிடந்தாள். இப்படியே போனால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று டாக்டர் முப்பிடாதியைத்தான் திட்டினார், என்னவோ பிள்ளையின் தண்ணீரை அவள்தான் பூட்டி வைத்ததுபோல.

சரி, டோக்கன் வாங்கிய மகராசர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு கையிலும் கட்டைப்பை, காதில் போன். போகிற போக்கில் வாசலோரப் பெட்டியில் டோக்கனைத் தள்ளிவிட்டுப் படியிறங்கினார்கள். பார்க்கப் பார்க்க முப்பிடாதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஓர் அம்மாளிடம் கேட்டே விட்டாள், மூன்று பெட்டி இருக்கிறதே, பார்த்துப் போடக் கூடாதா என்று.

"எதுல போட்டா என்னம்மா, எல்லாம் புண்ணியந்தானே" என்றார் அந்த அம்மாள். அவர் மகளும் சுபிதாவின் வகுப்புதான்.

பதினைந்தாம் நாள் டோக்கன்களை எண்ணி போர்டில் எழுதினார்கள். கோசாலைக்குத் தொள்ளாயிரம், பள்ளிக்கு முந்நூறு, நூலகத்துக்கு இருநூறு.

அன்று தரை கழுவும் நாள். பெட்டிகளைத் தூக்கி மேசைமேல் வைத்திருந்தார்கள். தரை காய்ந்ததும் முப்பிடாதி பள்ளிப் பெட்டியை வாசலோரம் வைத்தாள். நூலகப் பெட்டியை நடுவிலும் கோசாலைப் பெட்டியை மூலையிலும் வைத்தாள். ஒரு டோக்கனைக்கூட அவள் மாற்றிப் போடவில்லை, யாரிடமும் இதில் போடுங்கள் என்று சொல்லவுமில்லை. பெட்டிகள் இடம் மாறியதை வாடிக்கையாளர் ஒருவரும், ஏன் அண்ணாச்சியும்கூட, கவனித்துக் கேட்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாதம் முடிந்தது. பின்பாதியில் பள்ளிக்குத் தொள்ளாயிரம், நூலகத்துக்கு முந்நூறு, கோசாலைக்கு வெறும் நாற்பது. இரண்டு பாதியையும் கூட்டினால் பள்ளிதான் முதல்.

கோசாலைச் செயலாளர் சங்கரலிங்கம் சும்மா விடுவாரா? கடைக் கேமராவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். குட்டு வெளிப்பட்டது. மூன்று தரப்பும் அண்ணாச்சியின் முன் வந்து நின்றன. திருட்டுத்தனமாகப் பெட்டியை நகர்த்தும்வரை முன்னால் இருந்தது நாங்கள்தான், ஆகவே கொட்டகைக்கே கொடுக்க வேண்டும் என்றார் சங்கரலிங்கம். மொத்தத்தில் எங்களுக்கே அதிகம், அத்தனையும் மக்கள் தம் கையால் போட்டது என்றார் பள்ளித் தலைமையாசிரியை. எங்கள் பெட்டி மட்டும் ஒரு நாள்கூட வாசலுக்கு வரவில்லையே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் நூலகர் ஜெபமணி.

அண்ணாச்சி முப்பிடாதியைக் கூப்பிட்டார். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நகர்த்த விட்டிருப்பியளா அண்ணாச்சி? ஜனங்க தேர்ந்தெடுக்காங்கன்னு போர்டு வச்சிய. தேர்ந்தெடுத்தது வாசப்படி. அது பசுவுக்குப் போட்டா சரி, எம்பிள்ளைக்குப் போட்டா தப்பா?"

இதற்குப் பதில் உங்களுக்கு ஓடுகிறதா பார்ப்போம். மக்கள் உண்மையில் விரும்பித் தேர்ந்தெடுத்தது எதை? அண்ணாச்சி எந்த வேலையை முடித்துக் கொடுப்பது சரி?

விடை: வாசலோரம் விழுந்த டோக்கன்களை முதலில் தள்ளிவிடுங்கள். எந்தப் பெட்டியை வைத்தாலும் அங்கே தொள்ளாயிரம் விழுகிறது. அதில் விருப்பம் எங்கே இருக்கிறது? நடுவில் இருந்தபோது பள்ளிக்கும் நூலகத்துக்கும் சமம். மிச்சம் இருப்பது மூலைதான். சுமந்த பையோடு அரிசி மூட்டையைச் சுற்றிப் போய் ஒருவர் போட்டால் அது விருப்பம். அப்படிக் கோசாலைக்குப் போனவர்கள் நாற்பது பேர், நூலகத்துக்குப் போனவர்கள் இருநூறு பேர். பள்ளிக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் முப்பிடாதி அந்தப் பெட்டியை மூலையில் வைக்கவே இல்லை. ஆகவே நியாயப்படி நூலகத்துக்கே. தீர்ப்பு எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. அவள் மட்டும் பள்ளிப் பெட்டியை மூலையில் வைத்திருந்தால், அந்த ஊரில் எத்தனை தாய்மார் நடந்து வருவார்கள் என்று தெரிந்திருக்கும். நானூறு பேர்கூட வந்திருக்கலாம். அவள் அவர்களை நம்பவில்லை. பதினைந்து நாள் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூலகத்துக்குக் கூரை போட்டாயிற்று. சுபிதா இன்றைக்கும் தண்ணீர் குடிக்காமல்தான் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.