சொட்டும் டீசலும் ஒரு பவுடர் டப்பாவும்

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டி ரெஜினாளின் பட்டறை இருந்தது. விசைப்படகு இன்ஜின்களில் கை பழகியவள். வயது நாற்பது. அவளிடம் வேலை கற்க வந்தவருக்கு அறுபத்து மூன்று. பெயர் கோமதிநாயகம். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

அவருடைய பழைய டீசல் கார் இரண்டு மாதமாக அங்கே நின்றது. மனைவி பகவதி ஓட்டிய வண்டி. அவள் போய் ஐந்து வருடம். வேறு யார் கையும் அதில் படக் கூடாது என்றுதான் அவரே கற்றுக்கொள்ள வந்தார்.

திங்கட்கிழமை வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். டீசல் சொட்டினால் சான்று கிடையாது. அதன் பிறகு காயலான் கடைதான்.

சனிக்கிழமை காலை, டீசல் ஃபில்டருக்கு அடியில் வைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் ஸ்பேனரை எடுத்தார். அது ஃபில்டரின் அடிப் போல்ட்டைப் பிடிக்காமல் வழுக்கிச் சுற்றியது.

ரெஜினாள் குனிந்து பார்த்தாள். போல்ட்டின் தலை கூழாங்கல்லாக மழுங்கியிருந்தது.

"யார் சார் பார்த்த வேலை?"

"நான்தான். சொட்டும்போதெல்லாம் கொஞ்சம் முறுக்குவேன்."

"காலேஜ்ல முப்பது வருஷம் இதைத்தான் சொல்லிக் கொடுத்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. முதல் முறையாக ஸ்பேனரை அவளிடம் நீட்டினார்.

"மேஸ்திரி, எவ்வளவு முறுக்கினா ஒண்ணு நம்மகூட நிக்கும்?"

அவள் ஸ்பேனரை வாங்கி வைத்தாள். போல்ட்டைச் சுற்றி எண்ணெய் விட்டாள். சுத்தியலால் மெல்லத் தட்டினாள். தூங்குகிறவரை எழுப்புவதுபோல் இருந்தது அந்தத் தட்டல். டீ வந்தது. குடித்தார்கள். பிறகு அளவில் சற்றே சிறிய சாக்கெட்டை அந்த மழுங்கிய தலைமேல் அடித்து ஏற்றினாள். இறுக்கும் பக்கமாகத் திருப்பினாள்.

"ஐயோ, இன்னும் இறுக்குதீங்களே!"

"இத்தனை நாள் அதுக்குத் தெரிஞ்சது இந்தப் பக்கம்தான் சார். ஒரு மயிரிழை போயிட்டு வரட்டும்."

கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு மறுபக்கம் திருப்ப, போல்ட் கழன்று வந்தது. அதனோடு வந்த செப்பு வாஷர் நசுங்கி இரண்டாகப் பிளந்திருந்தது.

புது வாஷர், புது போல்ட். அவரையே மாட்டச் சொன்னாள், இரண்டே விரலால் ஸ்பேனரைப் பிடித்து.

தட்டைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார்கள்.

சொட்டியது.

கோமதிநாயகம் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போல்ட் மேல குத்தம் இல்ல போலிருக்கு," என்றாள் ரெஜினாள். ஃபில்டரையும் குழாய்களையும் ஈரம் போகத் துடைத்தாள். "முகத்துக்குப் போடுற பவுடர் வேணும் சார். தூவிட்டா டீசல் எங்கேர்ந்து கசியுதுன்னு காட்டிக் கொடுக்கும்."

"கடையில போய் வாங்கிட்டு வாரேன்."

"வண்டியிலயே இருக்கே. டேஷ்போர்டு பெட்டியில."

அவர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். நசுங்கிய சிறு தகர டப்பா. காதருகே வைத்துக் குலுக்கினார். அடியில் ஒரு பிடி பவுடர் கிடந்தது.

"பகவதியோடது. திருச்செந்தூர் போற வழியில ரயில்வே கேட் போட்டிருந்தா, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்துக்குப் போடுவா. ரயில் போனதும் கண்ணாடியைச் சரி பண்ணுவா. நான் பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்லுவேன்."

"அவங்களுக்கு வழி தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும் சொல்லுவேன்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியும். அவ இருந்தவரைக்கும் தேவைப்படல. இப்போ தினமும் திறந்து மோந்து பாப்பேன். மூடி வச்சிருவேன்."

அவள் டப்பாவைக் கேட்கவில்லை. ரப்பர் குழாய்த் துண்டு ஒன்று வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது இன்ஜினின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. அவர் திறந்த டப்பாவோடு நின்றிருந்தார்.

குழாய்க்குள் டீசல் ஏற்றும் கைப்பம்பை ரெஜினாள் அழுத்தினாள். ஒருமுறை. இன்னொருமுறை. ஃபில்டருக்கு மேலே, பழைய குழாயின் பின்புறத்தில், வெள்ளையின் நடுவே மெல்லிய ஈரக்கோடு ஒன்று தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கி, போல்ட்டின் தலையில் வந்து நின்று, சொட்டியது.

"எத்தனை மாசமா அதைப் போட்டு முறுக்கியிருக்கேன்," என்றார் அவர்.

குழாயை மாற்றினார்கள். கிளிப்பை அவரே இறுக்கினார்.

"போதுமா மேஸ்திரி?"

"சொட்டு நின்னாப் போதும் சார்."

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி இன்ஜினை ஓடவிட்டாள். கால் மணி நேரம் ஓடியது. தட்டு காய்ந்தே கிடந்தது. இன்ஜின் சூடாக ஆக, ஒட்டியிருந்த பவுடரின் மணம் டீசல் வாசத்தோடு எழுந்து பட்டறை முழுதும் பரவியது. கோமதிநாயகம் கண்களை மூடிக்கொண்டார். மணம் மெல்லத் தேய்ந்து, பிறகு டீசல் மட்டும் மிஞ்சியது.

அவர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். எதுவும் விழவில்லை.

"காலி, மேஸ்திரி. இனி எதைத் திறந்து பாப்பேன்?"

ரெஜினாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"பத்தே காலுக்குத் திருச்செந்தூர் வழியில கேட் போடுவாங்க. போய் நில்லுங்க சார்."