மங்களேஸ்வரி கேட்ட ஊசி

சிறுமலை அடிவாரத்தில் ஒரு தியான ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவரை ஊரார் மௌனசாமி என்று அழைத்தார்கள். வந்த புதிதில் அவர் யாரோடும் பேசாமல் இருந்தாராம், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பேசுவார். கேட்டால் பதில் சொல்வார். கருப்பட்டிக் காபி கிடைத்தால் கேட்காமலே சொல்வார்.

அங்கே தினமும் காலையில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கொசு கடித்தால் தட்டக் கூடாது. கால் மரத்துப்போனால் நீட்டக் கூடாது. முடியாதவர்கள் எழுந்துபோய்ப் பின்சுவரில் சாய்ந்துகொள்ளலாம். சாமி அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல அங்கே ஆள் இருந்தது. சுவருக்குப் போனவர்களுக்கு அன்றைய சாப்பாட்டுப் பந்தியில் சாம்பாரோடு அறிவுரையும் ஊற்றப்படும்.

மங்களேஸ்வரி எட்டு வருஷமாக அங்கே வந்துகொண்டிருந்தாள். ஒரு நாளும் சுவருக்குப் போனதில்லை. கல்யாணமான பிறகும் வந்தாள், மாசமான பிறகும் வந்தாள். வயிறு பெரிதானதைப் பார்த்துச் சாமி ஒருநாள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதில் தன் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா அவளிடம் கேட்டார்: “பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல ஒரு ஊசி போடலாம். வேணுமா, வேணாமான்னு யோசிச்சு வைம்மா.”

மங்களேஸ்வரியின் அம்மா போடச் சொன்னாள். கணவன் ரத்தினவேல், “உனக்கு எது சௌகரியமோ அது” என்று நழுவிவிட்டான். ஆசிரமத்தில் மூத்த சீடர் சிங்காரம். அரிசி ஆலை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், ஆனால் மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார். பௌர்ணமிக் கூட்டத்தில் அவர் எழுந்து, “நம்ம மங்களாவுக்கு ஊசி எதுக்கு? ஒரு சத்தம் இல்லாமப் பெத்துட்டு வரும் பாருங்க” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள்.

தலையாட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாதது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒருநாள் தியானம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அவள் சாமியிடம் கேட்டாள்.

“சாமி, வலியைத் தாங்கிக்கிட்டுப் பெத்துக்கிறது நல்லதா? ஊசி போட்டுக்கிறது நல்லதா?”

“என்கிட்ட கேக்குறியே தாயி, நான் பெத்ததில்லையே.”

“வலியைப் பத்தி எட்டு வருஷமா நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

சாமி கன்னத்தில் கைவைத்து அழுத்திக்கொண்டார். பிறகு, “நாளைக்கு நான் பல்லு பிடுங்க டவுனுக்குப் போறேன். உங்க கார்ல கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார்.

மறுநாள் ரத்தினவேல் காரை ஓட்ட, மூவரும் போனார்கள். பல் டாக்டருக்குச் சாமிமேல் ரொம்ப பக்தி. சாமியை நாற்காலியில் சாய்த்து, வாயைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பல்லை எடுக்கணும் சாமி. கடவாய்ப்பல் ஒண்ணு, முன்பல் ஒண்ணு. உங்களுக்கு மரத்துப்போற ஊசியெல்லாம் தேவைப்படாதுதானே?” என்று கேட்டார்.

“போடுங்க” என்றார் சாமி.

டாக்டரின் முகம் வாடிவிட்டது. ஊசி போட்டுக் கடவாய்ப்பல்லை எடுத்தார். முன்பல்லுக்கு ஊசியை எடுக்கப் போனவரைச் சாமி கையைப் பிடித்துத் தடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். பல் கழன்று வரும்போது ஒரு முறை “ஸ்ஸ்” என்றார், அவ்வளவுதான்.

காரில் மங்களேஸ்வரியால் பொறுக்க முடியவில்லை.

“அதுக்குப் போட்டுக்கிட்டீங்க, இதுக்கு ஏன் சாமி போடல?”

சாமியின் வாய் நிறையப் பஞ்சு. பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் மறுபடி மௌனசாமியாக இருந்தார். மறுநாள் காலை பஞ்சை எடுத்த பிறகுதான் பதில் வந்தது.

“அது வலிச்சுச்சு. இது ஆடுச்சு.”

இதற்கா இவ்வளவு தூரம் போனோம் என்று அவளுக்குக் கோபமே வந்தது. சாமிக்கு வயதாகிவிட்டது, முன்போல முடியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் போய் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வலி கண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துவிட்டு, “இப்பத்தான் ஆரம்பம், தலைப்பிள்ளை, நேரமாகும்” என்றாள். மங்களேஸ்வரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். மூச்சைக் கவனித்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பாப்பாத்தி என்று ஒருத்தி இருந்தாள். மூன்றாவது பிரசவம். அவளிடமும் டாக்டரம்மா ஊசியைப் பற்றிக் கேட்டார்.

“முதுகுல ஊசியா? ஆத்தாடி, எனக்கு வேணாம். வலி வரட்டும், நான் கத்திக்கிறேன். ஆனா இந்த நர்ஸு பொண்ணை இடுப்பைப் பிடிச்சுவிடச் சொல்லுங்க.”

சொன்னபடி கத்தினாள். வலி வந்தால் கட்டிடம் கேட்கும்படி ஒரு கூப்பாடு. வலி போனால், தண்ணி குடு, ஃபேனைக் கூட்டு, நடக்கணும் கையைப் பிடி, படுக்கணும் தலகாணி கொண்டா. நர்ஸ் அவளை விட்டு நகர முடியவில்லை.

மங்களேஸ்வரிக்கு அது அநாகரிகமாகப் பட்டது. நெற்றியைச் சுளிக்கப் போனவள், அதுவும் அசைவுதானே என்று விட்டுவிட்டாள்.

நர்ஸ் இரண்டு தடவை திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். கண்மூடி, முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “இதுக்கு இன்னும் வலியே எடுக்கல” என்று போய்விட்டாள். ரத்தினவேல் வந்து, “வலிக்குதா மங்களா?” என்றான். உட்கார்ந்திருக்கும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது என்பது ஆசிரம வழக்கம். அவள் சொல்லவில்லை. அவன் நிம்மதியாக டீ குடிக்கப் போனான்.

உள்ளே அவள் துண்டு துண்டாகிக்கொண்டிருந்தாள். ஆசிரமத்தில் வலி வந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒரு கட்டத்தில் மணி அடிப்பார்கள். இங்கே மணி அடிக்க யாரும் இல்லை. எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பயம் வந்தது. வலியைவிடப் பெரிய பயம், தனியாக இருக்கிறோம் என்கிற பயம். திரைக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

அடுத்த வலி வந்தபோது அவள் வாயைத் திறந்தாள்.

“அம்மா!”

எட்டு வருஷத்துச் சத்தமும் அதில் வந்தது. பாப்பாத்தியே ஒரு நொடி வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் ஓடி வந்து பார்த்தாள்.

“ஏம்மா, பாதிக் கிணறு தாண்டிட்ட! ஒரு சத்தம் காட்டக் கூடாதா? நான் என்னன்னு நினைக்கிறது?”

டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இறங்க இன்னும் நேரமாகும் என்றார். “ஊசி வேணும்னா இப்பவும் போடலாம். வேணாம்னாலும் சரி.”

“போட்டா என்ன ஆகும்?”

“வலி நல்லாக் குறையும். கால் மரத்த மாதிரி இருக்கும். பிரஷர் இறங்கலாம், அதைப் பார்த்துக்கிட்டே இருப்போம். கடைசியில முக்குறதுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கலாம்.”

“போடாட்டி?”

“வலிக்கும். நாங்க பக்கத்துல இருப்போம்.”

மங்களேஸ்வரிக்குப் பௌர்ணமிக் கூட்டத்தின் கைதட்டல் ஞாபகம் வந்தது. அது எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ தட்டியது போல இருந்தது.

“போடுங்க” என்றாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்து போட்டார். கொஞ்ச நேரத்தில் வலி தணிந்தது. ரத்தினவேல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள, அவள் தூங்கினாள். நல்ல தூக்கம். பல நாள் கழித்து வந்த தூக்கம். விழித்து, சொன்னபோதெல்லாம் முக்கி, சாயங்காலம் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். பிள்ளையை மார்பில் போட்டபோது சிரித்தாள், அழுதாள், இரண்டையும் மறைக்கவில்லை. பாப்பாத்திக்கு அதற்கு முன்பே பையன் பிறந்திருந்தான்.

மறுநாள் பாப்பாத்தி கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்: “வலியே தெரியலையா தங்கச்சி?”

“இழுக்குறது தெரிஞ்சுச்சுக்கா. வலி குறைஞ்சிருச்சு. தூங்கக்கூடச் செஞ்சேன்.”

“குடுத்து வச்சவ. ஆனா எனக்கு வேணாம்ப்பா. கத்திக் கத்திப் பெத்தாத்தான் எனக்குப் பெத்த மாதிரி இருக்கு.”

“நீங்க கத்துனதைக் கேட்டுத்தான்க்கா நானும் கத்துனேன்.”

“அப்படியா? நல்லதாப் போச்சு போ” என்று பாப்பாத்தி சிரித்தாள். தையல் வலித்ததால் பாதியில் நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் போகப் போக மங்களேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு குறைந்தது. ஆசிரமத்துக்குப் போக வேண்டும். என்ன சொல்வது? பொய் சொல்ல வராது. சொல்லாமல் இருக்கலாம், ஆனால் கேட்காமல் விடமாட்டார்கள்.

தீட்டு கழிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரத்தினவேலோடு போனாள். தியானம் முடிந்திருந்தது. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். சிங்காரம் பிள்ளையைப் பார்த்துவிட்டு, பெருமையோடு கேட்டார்.

“சத்தமே இல்லாமப் பெத்தியாமே?”

“இல்லண்ணே. கத்துனேன். ஊசியும் நானே கேட்டுப் போட்டுக்கிட்டேன்.”

யாரோ, “அதனால என்ன, பரவாயில்ல” என்றார்கள். அந்தப் பரவாயில்லைதான் அவளுக்கு ரொம்பவும் வலித்தது. அவள் சாமியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“எட்டு வருஷமும் வீணாப் போச்சா சாமி?”

சாமி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ கத்துனதும் யாரு வந்தா?”

“நர்ஸ் வந்தாங்க. டாக்டரம்மா வந்தாங்க. இவரும் வந்தாரு.”

“அதுக்கு முன்னாடி?”

“யாரும் வரல சாமி. நான் நல்லா இருக்கேன்னு நினைச்சுட்டாங்க.”

“நீ என்ன நினைச்ச?”

“நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். முடியல.”

சிங்காரம் குறுக்கே வந்தார். “சாமி, கத்துனதுகூடச் சரி. ஆனா ஊசிங்கிறது...”

“சிங்காரம், உங்க முட்டி வலி எப்படி இருக்கு?”

சிங்காரம் திகைத்தார். முட்டி வலியைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாக, “இருக்குங்க சாமி. ரொம்ப நாளா இருக்கு” என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் தெரிந்த சுகத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மங்களேஸ்வரியும் சிரித்தாள்.

“பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா ஊசி வேணாம்னு சொல்லிட்டுப் பெத்தாங்க சாமி” என்றாள். “ஆனா ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனாங்க. தண்ணி, தலகாணி, இடுப்பைப் பிடின்னு ஒண்ணு விடாமக் கேட்டாங்க. எங்க ரெண்டு பேர்ல யாரு சாமி சரி?”

சாமி பிள்ளையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அவளையும் ஒருநாள் கூட்டிட்டு வா தாயி. வாயை மூடிட்டு உட்கார இங்க எல்லாருக்கும் தெரியும். வேணுங்கிறதைக் கேக்கத் தெரிஞ்சவங்கதான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் இல்லாம இருந்தாங்க.”