ரைட்டர் எழுதிய பட்டியல்

வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு அந்த வீடியோவை அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அதில் இருந்தவர் பெயர் அஞ்சுகம்.

மடத்தில் சமைப்பவர். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, திங்கட்கிழமை முதல்முறையாகச் சபையில் பதிகம் வாசித்தார். எழுத்துக் கூட்டித் திணறித்தான் வாசித்தார். அவர் திணறிய இடங்களில் ஆடு கத்தும் ஒலியைச் சேர்த்து, யாரோ பொய்ப் பெயரில் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அஞ்சுகம் சபைக்கு வரவில்லை. மடத்தைவிட்டே போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோதண்டம் மடத்தின் குருவின் முன் வந்து நின்றார். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றபின் மடத்தோடு சேர்ந்துகொண்டவர். குரு மங்களாம்பிகை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

“உள்ளாள் வேலைதாம்மா. பதினோரு பேர் மேல சந்தேகம். எழுதியே கொண்டாந்திருக்கேன்.”

“என் பேர் இருக்கா?”

“நாலாவது.”

குரு சிரிக்கவில்லை.

“ட்ரோல்னு சொல்றாங்களே, என்ன அது?”

“ஒருத்தரைக் குறிவச்சுக் கேலி பண்றதும்மா.”

“ஃபேக் ஐடி?”

“பேரை மறைச்சுக்கிட்டு நடமாடறது.”

“சைபர் புல்லியிங்?”

“நெட்டுல ஒருத்தரைப் போட்டு வதைக்கறது. ஆனா ஒத்த ஆளால முடியாதும்மா. கூட்டம் சேரணும்.”

“சேர்ந்திருக்கா?”

“பின்ன? திங்கக்கிழமை சாயந்தரம் இருபத்துமூணு பேர்தான் பார்த்திருந்தாங்க. இன்னிக்கு அறுநூறைத் தாண்டிடுச்சு. பரப்பிக்கிட்டே இருக்கான் பாவி.”

குரு பேனாவை நீட்டினார்.

“ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல, அவங்க அதை எப்படிப் பார்த்தாங்கன்னு எழுதுங்க ரைட்டரே.”

கோதண்டம் உற்சாகமாக உட்கார்ந்தார். முதல் பெயருக்கு எதிரே, ‘நான் காட்டினேன்’ என்று எழுதினார்.

“காட்டினா முகமே காட்டிக் குடுத்துடும்மா. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்.”

இரண்டாவதுக்கும் அதையே எழுதினார். மூன்றாவதுக்கும்.

“நாலாவது?”

“உங்களுக்கும் நான்தாம்மா காட்டினேன்.”

ஏழாவது பெயருக்கும் அதையே எழுதியபின் பேனா நின்றது.

“இன்னும் நாலு பேர் இருக்காங்களே.”

“அவங்களுக்கும்…”

“பக்தர் வாட்ஸ்அப் குழுவுல இருநூத்தி நாப்பது பேர்?”

“லிங்க் போட்டேன். யார் வேலைன்னு தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பி விசாரிங்கன்னு.”

“அதையும் எழுதுங்க.”

எழுதினார்.

“அஞ்சுகத்துக்கிட்ட ஃபோனே கிடையாது. அந்தம்மா எப்படிப் பார்த்தாங்க?”



“புகார் குடுக்கச் சொல்லலாம்னு நான்தான்…” என்றார் கோதண்டம்.

வீடியோவைப் போட்டவர் அகப்படவில்லை. 2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, அஞ்சுகம் விருத்தாசலத்திலுள்ள தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.