ஆள் பத்தாத பஞ்சம்

மழை என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோன ஒரு வருடத்தில், ஊமத்தம்பட்டியில் மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவன் பெத்தணன், நடுவன் ஒச்சப்பன், கடைக்குட்டி சடையன். மூன்று பேரும் வளர்ந்த ஆம்பிளைகள். மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு கை, ஆறு கால், ஒரு மூளை. அந்த ஒரு மூளையும் பெத்தணனின் பெண்டாட்டி பேச்சியிடம் இருந்தது. அந்தப் பேச்சி எட்டு நாள் வெளியூர் போன கதைதான் இது.

அவளுடைய அண்ணன் ஊரில் கம்பு அறுப்பு. போய் வேலை செய்தால் கூலியாக ஒரு சாக்குக் கம்பு கிடைக்கும். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு பானை கேப்பை மாவு, ஒரு கூடை வெங்காயம், கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். கிளம்புகிற நேரத்தில் புருஷனை வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்க. ஒரு நாளைக்கு ரெண்டு கை மாவு போட்டுக் கஞ்சி காய்ச்சுங்க. கரண்டியிலருந்து கையை எடுக்காமக் கிண்டணும், இல்லேன்னா கட்டி தட்டிரும். தொட்டுக்க ஆளுக்குப் பாதி வெங்காயம். எதையும் வீணாக்காதீங்க. யாராவது வந்துட்டா மாவுல கை வெக்காம, ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி கூட ஊத்திக்கங்க. நான் வர்றதுக்குள்ள மாவு தீர்ந்துச்சு, மூணு பேரும் பட்டினிதான். புரிஞ்சுதா?"

பெத்தணன் தலையை ஆட்டினான். பட்டினி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவனுக்குப் பசித்தது. மாவு தீராமல் எட்டு நாளை ஓட்டிவிட வேண்டும், தம்பிகள் வயிறு காயக்கூடாது, பேச்சி வந்து பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பாவம், அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

முதல் நாளே சிக்கல். மாவுப் பானையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு கைன்னு சொன்னாளே, யார் கை?" என்றான் பெத்தணன்.

"சொன்னது மதினி. அப்ப மதினி கைதான்" என்றான் ஒச்சப்பன். அந்த வீட்டில் யோசிக்கிற வேலை அவனுடையது.

"அதை அவ கையோட கொண்டுபோயிட்டாளேடா!"

வெகுநேரம் பேசி, பெத்தணனுடைய பெரிய கையில் ஒன்று, சடையனுடைய சின்னக் கையில் ஒன்று என்று முடிவானது. கிண்டுகிற பொறுப்பும் சடையனுக்கே வந்தது. கரண்டியிலிருந்து கையை எடுக்கக்கூடாது என்றுதானே உத்தரவு? கஞ்சி கொதித்தது, கிண்டினான். இறக்கி வைத்தார்கள், கிண்டினான். குடிக்கிற நேரம் ஒச்சப்பன்தான் அவனுக்கு ஊட்டிவிட்டான். பானை காலியான பிறகும் கறகறவென்று வெறும் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தவன், மத்தியானம் உட்கார்ந்தவாக்கில் தூங்கிப்போனான். கரண்டி தானாக நழுவியது. அவன் கையை எடுக்கவில்லை, கரண்டிதான் போனது, ஆகவே குற்றமில்லை என்று பெத்தணன் தீர்ப்புச் சொன்னான். இந்த அமளியில் வெங்காயத்தை மறந்தே போனார்கள்.

மறுநாள் ஞாபகமாக வெங்காயம் எடுத்தார்கள். ஒன்றை அரிந்தால் இரண்டு பாதி, ஆள் மூன்று. சரி என்று இன்னொன்றை அரிந்தார்கள். பாதி ஒன்று மிஞ்சிவிட்டது.

"வீணாக்கக் கூடாதே!" என்று பதறினான் சடையன்.

"ஆளுக்குப் பாதி தின்னாச்சு. இந்தப் பாதிக்கு ஒரு ஆள் வேணும்" என்றான் ஒச்சப்பன். "வெங்காயம் மிஞ்சலைண்ணே. ஆள் குறையுது."

பெத்தணன் அந்தப் பாதி வெங்காயத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். வளையல் விற்கிற முத்திருளு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். "மாமா, வந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தான். ஆள் வந்துவிட்டதால், சொன்னபடி ஒரு செம்பு தண்ணீர் கூட ஊற்றினார்கள். அவர் வரும் வழியிலேயே எங்கேயோ கஞ்சி குடித்துவிட்டு வந்தவர். மரியாதைக்கு அரைச் செம்பு குடித்து, வெங்காயத்தைக் கடித்துவிட்டு, வளையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெத்தணன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"டேய் தம்பிகளா, இங்க வாங்கடா. நேத்து மூணு பேர் குடிச்சோம், பானை காலி. இன்னிக்கு நாலு பேர் குடிச்சோம், அரைச் செம்பு மிச்சம் கிடக்கு!"

ஒச்சப்பன் மோவாயைத் தடவினான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே, இத்தனை நாளாத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கோம். நமக்குப் பஞ்சம் வந்தது மழை இல்லாம இல்லை. ஆள் பத்தாமத்தான்."

பெத்தணனுக்கு மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கினாற்போல் இருந்தது. சந்தோஷத்தில் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டான்.

மூன்றாம் நாள் பத்துப் பேரை அழைத்தார்கள். பத்துச் செம்பு தண்ணீர் கூடியது. நாலாம் நாள் இருபது பேர். ஐந்தாம் நாள் நாற்பது பேர். வீட்டுப் பானை பத்தாமல் ஊர்ப் பொது அண்டாவைத் தூக்கி வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மூன்று பேரும் மாற்றி மாற்றி இறைத்ததில் கைத்தோல் உரிந்துபோனது. ஆனாலும் மாவு அதே இரண்டு கைதான். பேச்சி சொல்லை மீறுவார்களா?

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பஞ்சகாலத்தில் கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றுகிறவனிடம் யார் குறை சொல்வார்கள்? ஆளுக்கு ஒரு செம்பு நிறையக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். "பெத்தணன் வீட்டுக் கஞ்சின்னா வயிறு என்னமா நிறையுது!" என்று புகழ்ந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது தளும்பிவிடக்கூடாதே என்று மெதுவாக அடியெடுத்து வைத்து நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் பெத்தணனின் வயிறு கடமுடவென்று உறுமியது. கண்ணும் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னடா ஒச்சப்பா, வயித்துக்குள்ள இவ்வளவு சத்தம்?"

"நிறையச் சாப்பிட்டா அப்படித்தாண்ணே. செரிக்குது."

ஆறாம் நாள் காலையில் ஒச்சப்பன் அடுத்த உண்மையைக் கண்டுபிடித்தான்.

"அண்ணே, தண்ணி ஊத்த ஊத்தக் கஞ்சி கூடுது. மாவு போடப் போட மாவு குறையுது. நீங்களே சொல்லுங்க, இதுல குடும்பத்தைக் கெடுக்கிறது எது?"

"மாவு இல்லாமக் கஞ்சியாடா?" பெத்தணனுக்குக் கொஞ்சம் உதைத்தது.

"ரெண்டு கை மாவு, நாப்பது செம்பு தண்ணி. ஊரே ஒரு பக்கம் நிக்கிறப்ப, ரெண்டு பேர் இல்லேன்னா என்ன ஆயிரும்?"

பெத்தணன் மாவுப் பானையை இறுக்கி மூடி வைத்தான். அன்று முதல் அண்டாவில் தண்ணீரும் உப்பும் மட்டும் கொதித்தன. சடையன் மட்டும் விடாமல் கிண்டினான். குடித்தவர்கள், "இன்னிக்குக் கஞ்சி கண்ணாடியாட்டம் இருக்கு. தேடினாலும் ஒரு கட்டி இல்லை. சடையன் கையே கை!" என்றார்கள். சடையனுக்கு வெட்கம் தாங்கவில்லை.

எட்டாம் நாள் பேச்சி தலையில் கம்புச் சாக்கோடு வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் மாவுப் பானையைத் திறந்தாள். முக்கால் பானை மாவு அப்படியே இருந்தது! அசந்துபோய்த் திரும்பினால், மூன்று பேரும் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறார்கள். எழுந்து நின்று, 'வா' என்று சொல்லக்கூட ஒருவனுக்கும் தெம்பில்லை.

"அடப் பாவிகளா! எனக்கு மிச்சம் பிடிக்கவா பட்டினி கிடந்தீங்க?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"பட்டினியா?" பெத்தணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊருக்கே சாப்பாடு போட்டோம்டி! போய்க் கேட்டுப் பாரு."

பேச்சி எதையும் கேட்கவில்லை. அடுப்பை மூட்டி, ஒன்று, இரண்டு என்று எட்டுக் கை மாவை அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு கைக்கும் பெத்தணனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கெட்டியாகக் களி கிண்டி, ஆளுக்கு ஒரு பெரிய உருண்டை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். தின்று முடித்ததும் மூன்று வயிறும் சத்தமில்லாமல் அடங்கின.

பெத்தணன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். சுத்தமாக வழித்துப்போட்டுக் கிடந்தது. மாவுப் பானையைப் பார்த்தான். நாலு விரற்கடை இறங்கியிருந்தது. தம்பிகளைப் பார்த்தான். அவர்கள் துக்கத்தோடு தலையை ஆட்டினார்கள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள்.

பிறகு பெத்தணன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றான்.

"பேச்சி, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நீ தங்கமானவதான். உன் கைமணமும் யாருக்கும் வராது. ஆனா மூணே மூணு பேர் சாப்பிட்டதுக்குப் பானையே காலி, எட்டுக் கை மாவும் போச்சு. நீ இருந்தா இந்தக் குடும்பம் தாங்காது. பேசாம இன்னொரு எட்டு நாள் உங்க அண்ணன் வீட்டுல போய் இருந்துட்டு வா. அதுக்குள்ள நாங்க எப்படியாவது தலையெடுத்துர்றோம்."