பிடிக்கக் கையில்லாத கொடி

“‘நாலு வருஷமா என் ரூமுக்கு வெளிச்சம் பச்சையாத்தான் வருதும்மா. வந்தவன் அன்னைக்கே ஓடிட்டான். நீதான் இன்னும் ஜன்னல்லயே நிக்கிறே. திங்கட்கிழமை ஒண்ணு அந்தச் செடி இருக்கும், இல்ல நான் இருப்பேன்.’ இதுதான் அவ சொன்னது. ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை. பெத்தவகிட்டப் பேசுற பேச்சா இது? நீங்களே சொல்லுங்க தம்பி.”

தவசி கையிலிருந்த கத்தரியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அப்போ வாயைத் திறந்தா என்ன, முத்தா உதிர்ந்துடும்?”

தவசி கத்தரியைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார்.

அந்த மலை ஊரில் தவசியை யாரும் குரு என்று கூப்பிடுவதில்லை. வயர்மேன் என்பார்கள். ஒன்பது வருடம் முன்னால் கரண்ட் கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்தவர். எழுந்து நடக்க இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஏணியில் கால் வைத்ததில்லை. ரோஜா வைத்தார்.

யார் வீட்டு ரோஜா பட்டுப்போனாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். ஓடியவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டேதான் திரும்புவார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார். கேட்காததைச் செய்வார்.

இந்திராணி வருவது இது மூன்றாம் தடவை. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இவரைவிடப் பத்து வயது மூத்தவள். இவரிடம் கைகட்டி நிற்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“பூக்கலையா?” என்றார் தவசி.

“ஒண்ணுகூட இல்ல. வெறும் முள்ளா நின்னா வெட்டத்தானே சொல்வா? பூ இருந்தா அவளுக்கு மனசு வராது. திங்கட்கிழமைக்குள்ள பூக்க வைங்க.”

“இன்னைக்கு சனிக்கிழமை.”

“காலண்டர் எங்க வீட்டுலயும் தொங்குது.”

தவசி கத்தரியைக் கீழே வைத்தார்.

“அதை எதுக்கு வச்சீங்க?”

“எதை?”

“ரோஜாவை. பூவுக்கா, முள்ளுக்கா?”

இந்திராணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். 

பிறகு சொன்னாள். நாலு வருடம் முன்னால் ஒரு நவம்பர் மாதம். பட்டப்பகல். மழைத் தண்ணீர் இறங்கும் குழாயைப் பிடித்து ஒருத்தன் மாடி ஜன்னல்வரை ஏறிவிட்டான். உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தாரணி தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம்.

“கத்தினா பாருங்க. நான் கீழே மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். அந்தக் கத்தல் இன்னும் என் காதுல இருக்கு. அவன் குதிச்சு ஓடிட்டான். யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கடைத்தெருவுல எதிர்ல வர்ற ஒவ்வொரு ஆம்பிளையையும் அவனோன்னுதான் பார்க்கிறேன். உங்களைக்கூடப் பார்த்தேன்.”

“அப்புறம்?”

“வயர்மேன் ஏணியைக் கண்டாலே நடுங்குவார்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தேன்.”

தவசி சிரித்துவிட்டார். இந்திராணி சிரிக்கவில்லை.

“மறுவாரமே அந்தக் குழாயோரம் கொடி ரோஜா வச்சேன். இப்போ ஒரு எலி ஏற முடியாது.”

“கொடின்னு யார் சொன்னா?”

“என்ன கேள்வி இது? பேரே கொடி ரோஜாதானே?”

தவசி எழுந்து நடந்தார். ஒரு கால் லேசாக இழுத்தது. வேலியில் மேரக்காய் என்கிற சௌசௌக் கொடி படர்ந்திருந்தது. அதன் இளம் சுருள் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வேலிக் கம்பியை அது ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி.

“இது கொடி. பிடிக்கக் கை இருக்கு.”

அடுத்து ரோஜாவின் நீண்ட தண்டு ஒன்றை அவள் முன்னால் நீட்டினார்.

“இதுல அந்தக் கையைக் காட்டுங்க.”

இந்திராணி தேடினாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுத் தேடினாள். இலை இருந்தது, கணு இருந்தது, முள் இருந்தது. சுருள் இல்லை.

“பின்ன எப்படி ஏறுது?”

தவசி அந்தத் தண்டை அவள் முந்தானைமேல் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தார். தண்டு விழவில்லை. புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“ஐயோ, புதுப் புடவை!”

வெடுக்கென்று இழுத்தாள். முள் இன்னும் ஆழமாக ஏறியது. டர்ரென்று ஒரு விரல் நீளம் கிழிந்தது.

“இழுக்காதீங்க.”

“பின்ன கொஞ்சவா சொல்றீங்க?”

“கிட்டப் போங்க.”

“முள்ளுக்கிட்டயா? எனக்கென்ன புத்தி பிசகிடுச்சா?”

தவசி காத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை. அவசரமெல்லாம் அவளுக்குத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு தண்டை நோக்கி அரை அடி நகர்ந்தாள். முள் தானாகக் கழன்றது.

“முள்ளு கீழ்ப்பக்கம் வளைஞ்சிருக்கும். இழுத்தா இறுகும்” என்றார். “கையில்லாததுக்கு வேற எதால பிடிக்கத் தெரியும்?”

“விழுந்துடுவோம்னு பயமா அதுக்கு?”

“செடிகிட்ட நான் கேட்டதில்லை.”

*

மூன்று மணிக்கே மலை மஞ்சு வெண்புகையாக இறங்கிவிட்டது.

இந்திராணியின் வீட்டுச் சுவரோரம் நின்று தவசி அண்ணாந்து பார்த்தார். ரோஜா குழாயோடு குழாயாக நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது. மாடி ஜன்னலை இலையும் முள்ளும் மூடியிருந்தன. கட்டுக் கம்பியால் முழத்துக்கு ஒரு முறுக்கு. சில இடத்தில் தண்டு பருத்துக் கம்பியையே விழுங்கியிருந்தது.

“கட்டினது யாரு?”

“நான்தான். ஏழு தடவை கம்பி மாத்தினேன். மொட்டை மாடியிலிருந்து குனிஞ்சும் கட்டினேன், அவ ஜன்னல் வழியாக் கையை விட்டும் கட்டினேன்.”

“கட்டினீங்களா, கட்டிப்போட்டீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

தவசி தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். வா என்று கையசைத்தார். முணுமுணுத்துக்கொண்டே இந்திராணியும் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

மொட்டை மாடிக் கைப்பிடிக்கும் மேலே, மஞ்சுக்குள், சிவப்பாகப் பத்துப் பன்னிரண்டு பூக்கள். ஒரு காக்கை அவற்றை விசாரித்துக்கொண்டிருந்தது.

நாலு வருடத்தில் அவள் கண் ஜன்னலைத் தாண்டி மேலே போனதில்லை. மாடிக்குப் போனாலும் கீழே குனிந்துதான் பார்ப்பாள்.

“நேரா ஏத்தினா உச்சியில மட்டும் பூக்கும்” என்றார் தவசி. “சாய்ச்சுக் கட்டினா தண்டு முழுக்கப் பூக்கும்.”

கையைச் சுவரோரமாகப் படுக்கையில் நீட்டிக் காட்டினார். கை ஜன்னலை விட்டு விலகிப் போனது.

“அப்போ ஜன்னல்?”

“திறந்துக்கும்.”

“அது எப்படித் திறக்கலாம்? அதுக்காகவா இத்தனை பாடுபட்டேன்? வேற வழி சொல்லுங்க.”

“வேற வழி கேட்கத்தான் மூணு தடவை வந்தீங்க.”

மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தரையில் இழுக்கும் சத்தம்.

தாரணி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு ஹாஸ்டல். தெரியாத தெரு, தெரியாத மாடி, கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லாத ஜன்னல். திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்.

பக்கத்து வீட்டுக்குப் போய் ஏணியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏறுங்க” என்றாள்.

“நான் ஏறமாட்டேன்.”

“பயமா?”

“ஆமா.”

ஒரு ஆண்பிள்ளை இப்படிச் சட்டென்று ஆமா சொல்லி அவள் கேட்டதில்லை. திட்ட வாயெடுத்தவளுக்கு வார்த்தை மாறிப்போயிற்று.

“அந்தப் பயத்தை வச்சுக்கிட்டு என்னதான் பண்றீங்க?”

“ஏறுறவங்களுக்கு ஏணியைப் பிடிச்சுக்கிறேன்.”

இந்திராணி புடவையைத் தூக்கிச் செருகினாள். பழைய நூல் புடவையைக் கிழித்து நாடாவாக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தாள்.

“உள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுங்க, அக்கா.”

“என் வீடு, என் செடி. யார்கிட்ட என்ன சொல்றது? காலையிலிருந்து அவ என்கிட்டப் பேசலை. நான் மட்டும் பேசணுமா?”

தவசி ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார்.

நாலாம் படியில் பக்கக் கட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். ஆறாம் படியில் கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. தவசியின் வழுக்கை கிணற்றுக்குள் கிடக்கும் செம்பு மாதிரி தெரிந்தது.

முதல் கம்பியை வெட்டினாள். தண்டு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சுவரை விட்டு விலகியது.

“ஒடிஞ்சிடப் போகுது!”

“மெதுவா. எவ்வளவு தூரம் வரும்னு அதுவே சொல்லும்.”

சாய்த்தாள். வந்தது. இன்னும் கொஞ்சம். வந்தது. சுவரில் அடித்திருந்த பழைய ஆணியோடு நாடாவைச் சேர்த்து இறுக்கினாள்.

“இறுக்காதீங்க. எட்டு மாதிரி சுத்துங்க. லைசென்ஸுக்கு வண்டியில எட்டுப் போடுவாங்களே, அப்படி. ஒரு வளையம் ஆணிக்கு, ஒரு வளையம் தண்டுக்கு.”

“எங்க வீட்டுல யாருக்கும் லைசென்ஸ் கிடையாது.”

“மகளுக்கு?”

“கேட்டா. மலை ரோடு, வளைவு. நான்தான் வேண்டாம்னேன்.”

 அவள் நாடாவை அவிழ்த்து, எட்டாகச் சுற்றி, தொளதொளவென்று கட்டினாள். தண்டு நின்றது.

இரண்டாம் கம்பி. மூன்றாம் கம்பி. எட்டாம் படி. இப்போது அவள் முகம் ஜன்னலுக்கு நேராக இருந்தது. கடைசித் தண்டைப் பிடித்து ஒதுக்கினாள். முகத்தளவு இடைவெளி விழுந்தது.

உள்ளே இருட்டாக இருந்தது. பகல் மூன்றரை மணிக்கு, பாசி பிடித்த தொட்டியின் அடிபோல. இங்கேயா இந்தப் பெண் நாலு வருடம் படித்தாள்?

கண்ணாடியில் ஒரு முகம்.

பாதியை இலை மறைத்திருந்தது. தலை கலைந்திருந்தது. கண்கள் விரிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவன்.

இந்திராணி கத்த வாயைத் திறந்தாள். கண்ணாடியிலிருந்த முகமும் வாயைத் திறந்தது.

உள்ளே யாரோ அசைந்தார்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்த தாரணி திரும்பினாள்.

கத்தினாள்.

அதே கத்தல். நாலு வருடம் முன்னால் மாவுக் கையோடு கேட்டது. ஒரு சுருதிகூடக் குறையவில்லை.

ஜன்னலின் உள்பக்க மரக்கதவு அறைந்து மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஏதோ கனமான ஒன்றைத் தள்ளி முட்டுக் கொடுக்கும் சத்தம்.

இந்திராணி பின்னால் சரிந்தாள். விழவில்லை. முந்தானையை ஒரு முள் பிடித்தது, கொண்டையை ஒரு முள், ரவிக்கைக் கையை இரண்டு முள். அவள் இழுக்க இழுக்க அவை இறுகின. ஏணி ஆடியது.

“இழுக்காதீங்க!” கீழேயிருந்து தவசியின் குரல் நடுங்கி வந்தது. “கிட்டப் போங்க அக்கா, கிட்ட!”

போனாள். முகம் முள்ளை உரசியது. நெற்றி கண்ணாடியில் முட்டியது. முந்தானை விட்டது. கொண்டை விட்டது. ரவிக்கை விட்டது.

ஏணி நின்றது.

மரக்கதவுக்கு அந்தப் பக்கம் தேம்பித் தேம்பி மூச்சு வாங்குவது கேட்டது.

“யாரு? யாரு அது?”

இந்த ஜன்னலைப் பார்த்து இத்தனை வருடமும் இந்திராணி சொன்னது ஒரே வார்த்தை. காலையில் மூடுடி, மாலையில் மூடுடி, மழை வந்தால் மூடுடி, மழை விட்டால் மூடுடி.

அந்த வார்த்தைதான் இப்போதும் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினாள்.

ஒற்றை விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

“தாரணி. நான்தான். அம்மா.”

மூச்சுச் சத்தம் நின்றது.

“ஏணியில நிக்கிறேன். செடியைத் தள்ளிக் கட்டுறேன். சொல்லிட்டு ஏறியிருக்கணும்.”

 மஞ்சு அவளுக்கும் தரைக்கும் நடுவில் வந்து நின்றது. தவசி இருக்கிறாரா, போய்விட்டாரா, தெரியவில்லை. ஏணி மட்டும் அசையாமல் இருந்தது.

“ஜன்னலைத் திறம்மா.”