மஞ்சள் தடவாத கடிதங்கள்

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். பர்மா எல்லையில், ஓர் ஆற்றங்கரையில், தமிழ்ச் சிப்பாய்களின் முகாம் ஒன்று இருந்தது. அந்தப் படைக்கு மதகுரு சட்டநாத தேசிகர். வயது முப்பத்தொன்று. அவருக்கு ஒரே ஒரு சீடர், தபால் பிரிக்கும் ஹவில்தார் மலைக்கொழுந்து. வயது நாற்பத்தெட்டு. முகாமில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில் படை ஆற்றைத் தாண்ட வேண்டும். அன்று காலை சீடர் கோயில் கூடாரத்துக்கு வந்தார். முகம் சரியில்லை.

"சாமி, ஒருத்தன் தைரியம் குலையக்கூடாதுன்னு பொய் சொன்னா பாவமா?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"சங்கிலிமுத்துகிட்ட. பெண்டாட்டிக்கு இது பேறுகால மாசம். கடுதாசி வந்துச்சான்னு தினமும் கேக்கறான். வரலைன்னு சொல்றேன். வந்து எட்டு நாளாச்சு."

"ஏன் கொடுக்கல?"

"மேஜர் துரை உத்தரவு."

உத்தரவுக்கு வழி செய்ததே ஹவில்தார்தான். ஒருநாள் அந்த வெள்ளைக்காரத் துரை, கடிதங்களின் நான்கு மூலையிலும் இருந்த மஞ்சளைப் பார்த்து என்ன கறை என்று கேட்டார். நல்ல சேதிக்கு எங்கள் ஊரில் மஞ்சள் தடவுவோம் என்று இவர் பெருமையாக விளக்கினார். துரை பிடித்துக்கொண்டார். மஞ்சள் உள்ளதை மட்டும் கொடு. மற்றதைச் சண்டை முடிந்த பிறகு கொடு. துக்கச் சேதி படித்தவனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கை வராது. சாதாரணக் கடிதத்துக்கு யாரும் மஞ்சள் தடவுவதில்லை என்று அவருக்கு யார் சொல்வது? அரைகுறையாகத் தெரிந்துகொண்டவரிடம் அதிகாரமும் இருந்தது. பதினோரு கடிதங்கள் தகரப்பெட்டிக்குள் போயின.

தேசிகர் கை நீட்டினார்.

"எனக்கு வந்ததைக் கொடுங்க."

ஹவில்தார் அசையவில்லை.

"வந்திருக்கில்ல?"

"அதே தபால்ல வந்திருக்கு சாமி."

"மஞ்சள் இல்ல."

"இல்ல."

போய் எடுத்து வந்தார். தேசிகர் பிரித்துப் படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"எங்க அக்கா போயிட்டா."

"சாமி..."

"அவ குணமாகணும்னு தினமும் இங்க விளக்கேத்தறேன். பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தீங்க. எட்டு நாளா, செத்துப்போனவளுக்கு ஆயுசு கேக்க வச்சுட்டீங்களே."

மலைக்கொழுந்து காலில் விழப்போனார். தேசிகர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தபால் லாரி எப்போ ஊர்ப்பக்கம் திரும்பிப் போகுது?"

"நாலு மணிக்கு."

"அடுத்தது?"

"சண்டை முடிஞ்சப்புறம்தான்."

"பெட்டியை எடுங்க."

சாப்பாட்டு வரிசையில் தேசிகரே பெயர் சொல்லி அழைத்து எல்லாக் கடிதங்களையும் கொடுத்தார். ஒருவன் வீட்டில் எருமை கன்று போட்டிருந்தது. இன்னொருவனின் தாய், மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று கடிதம் முழுக்கத் திட்டியிருந்தாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

சங்கிலிமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்து முடித்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். குழந்தை பிறந்தது, ஒரு பகல் இருந்தது, போய்விட்டது. ஆண்பிள்ளை. கீழே மனைவி ஒரு வரி சொல்லி எழுதவைத்திருந்தாள். என்மேல் கோபமா, ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதது முகாம் முழுக்கக் கேட்டது. பெரிய ஆகிருதி. நான்கு பேர் பிடித்தும் அடங்கவில்லை. பிறகு அவனாகவே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சாமி, பென்சில் இருக்கா? அவ என்னென்னமோ நெனச்சுக்கிட்டுக் கெடக்கா."

அவன் ஒரு காகிதத்தை மடிமீது வைத்துப் பதில் எழுதத் தொடங்கியபோது மேஜர் துரை வந்தார். தமிழ் தெரியாதவர். ஹவில்தார்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"சாமி, உங்களைக் கைது பண்ணப் போறாராம். கோர்ட் மார்ஷல்ங்கறார்."

"நாலு மணிக்கு மேல வரேன்னு சொல்லுங்க. லாரி கிளம்பட்டும்."

ஹவில்தார் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. சங்கிலிமுத்துவைக் கைகாட்டி ஏதோ கத்தினார். அவன் தலை நிமிரவில்லை. கண்ணீர் விழுந்த இடத்தைச் சட்டைக் கையால் ஒற்றிவிட்டுத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றார்?"

"குழந்தை மாதிரி அழறவனை வச்சுக்கிட்டு நாளைக்கு எப்படிச் சண்டை போடறதுன்னு கேக்கறார்."

தேசிகர் சங்கிலிமுத்துவுக்கும் துரைக்கும் நடுவே போய் நின்றார்.

"நான் சொல்றதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க ஹவில்தாரே. நாளைக்குச் சாகறதுக்கு மட்டும் இவன் ஆம்பளை, இன்னைக்கு அழறதுக்குக் குழந்தையா?"