ரோஸ் பொடி ஈக்கள்

“கொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டீங்க அம்மா. இந்த ஈகிட்ட யாரு சொல்றது?”

அழகுராசு ஒரு மாம்பழத்தை இரண்டாகப் பிட்டு நாச்சியம்மையின் முன்னால் வைத்தார். வெளியே மஞ்சளும் சிவப்புமாக அப்படி ஒரு அழகு. உள்ளே புழு நெளிந்தது.

நாச்சியம்மை பழத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். புழு ஒன்று சுருண்டு எழும்பிக் கீழே குதித்தது.

“அட, துள்ளுதே,” என்றார்.

“அம்மா, நான் வயித்தெரிச்சல்ல பேசுறேன்.”

“பேசுங்க அண்ணே. கேட்டுக்கிட்டேதான் பார்க்கிறேன்.”

இந்த அழகுராசு யாரென்று சொல்லிவிட வேண்டும். நத்தத்தில் பூச்சி மருந்துக் கடை வைத்திருந்தவர். என்ன பூச்சி என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் கைக்கு வந்துவிடும். சாயங்காலம் அடித்தால் காலையில் பூச்சி செத்துக் கொட்டிக் கிடக்கும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

ஐம்பது வயது தாண்டிய பிறகு அந்த மருந்து நெடி அவரைப் பிடித்துக்கொண்டது. சோற்றில் நெடி, தலையணையில் நெடி. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. நெடி உடம்பில் இல்லை, உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று ஒரு நாள் பயம் வந்துவிட்டது. கடையை இழுத்துப் பூட்டிவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த மடத்தில் எந்த உயிரையும் கொல்வதில்லை. மடத்துக்குத் தலைவி நாச்சியம்மை. அழகுராசுவைவிட வயதில் சின்னவர். ஆனாலும் இவருக்கு அவர் அம்மா, அவருக்கு இவர் அண்ணன்.

“சாகிற வரைக்கும் இங்கேயே இருந்துடறேன் அம்மா,” என்று வந்த அன்றே கேட்டார்.

நாச்சியம்மை மாந்தோப்பைக் காட்டினார்.

“ஒரு பருவம் இதைப் பார்த்துக்கங்க, எதையும் கொல்லாம. முடிஞ்சா இருங்க. முடியலைன்னா ஊருக்குப் போயிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

ஊருக்குப் போவதென்றால் அந்த நெடிக்குப் போவது. அழகுராசு தலையாட்டிவிட்டுத் தோப்புக்குள் இறங்கினார்.

இப்போது முதலில் பழுத்த செந்தூர மாம்பழம் மொத்தமும் புழுவாகப் போய்விட்டது. இனி நீலம் மாங்காய் பழுக்க வேண்டும். அதையும் ஈ விட்டுவைக்காது என்று அவருக்குத் தெரியும். கை பரபரத்தது.

“ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஒருத்தர் வர்றார்,” என்றார் நாச்சியம்மை. “கொல்லாமலே ஈயைக் குறைக்க ஒரு வழி இருக்காம். எனக்கும் பார்க்கணும்போல இருக்கு.”

வந்தவர் பெயர் அருளானந்து. ஜீப்பிலிருந்து பெரிய பெரிய காகிதப் பைகளை இறக்கினார். பைக்குள் ஏதோ இரைந்தது.

“உள்ள என்ன சார்?”

“பழ ஈ.”

அழகுராசு சிரித்துவிட்டார். “எங்ககிட்ட இல்லாததாப் பார்த்துக் கொண்டுவந்திருக்கீங்க.”

“இது மலட்டு ஈ ஐயா. எல்லாம் ஆண். கூட்டுப்புழுவா இருக்கும்போதே கதிர்வீச்சு கொடுத்துடுவோம். இது தோப்புல இருக்கிற பொண்ணு ஈயோட சேரும். அது முட்டை வைக்கும், ஆனா பொரிக்காது. வாராவாரம் விட்டுக்கிட்டே இருந்தா ஈ தன்னால குறையும்.”

“இதுவும் சேர்ந்து பழத்தைக் கெடுத்தா?”

“ஆண் ஈ பழத்தைத் துளைக்காது. துளைச்சு உள்ள முட்டை வைக்கிறது பொண்ணு ஈ பண்ற வேலை.”

நாச்சியம்மை ஒரு பையை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார். ஓர் ஈ அவர் விரலில் ஏறி நின்றது. அதன் நெற்றியில் பொட்டு வைத்ததுபோல் ரோஸ் நிறம்.

“இது என்ன தம்பி?”

“சாயப்பொடி அம்மா. நாங்க விட்டது எது, தோப்பு ஈ எதுன்னு தெரியணும்ல.”

ஜீப் போனபின் அழகுராசு கேட்டார்.

“பொறக்கவிடாமப் பண்றதும் கொலைதானே அம்மா?”

“தெரியலையே அண்ணே.”

“நீங்களே தெரியலைன்னா நான் எங்க போய்க் கேட்க?”

“இப்படி ஒண்ணை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையே. நீங்க விட்டுப் பாருங்க. தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.”

மறுநாள் விடிந்ததும் அழகுராசு மரத்தடி மரத்தடியாகப் போய்ப் பைகளைப் பிரித்தார். ஈக்கள் அவர் முகத்தில் உரசிக்கொண்டு மேலே போயின. காலமெல்லாம் ஈயைக் கீழே விழவைத்த கை. அது இன்றைக்கு ஈயைப் பறக்கவிடுகிறது. அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

தோப்புக்குள் நுழைந்தால் கண்ணில் ஈ, காதில் ஈ. பழுக்கத் தொடங்கிய நீலத்திலும் புழு. அழகுராசு அருளானந்துவுக்குப் போன் போட்டார்.

“பொறுங்க ஐயா. கொஞ்ச காலம் ஆகும்.”

பொறுங்க என்பது அவர் கடையில் விற்காத சரக்கு. அதை எங்கே போய் வாங்குவது?

அவருக்கு ஒரு வித்தை தெரியும். துளசியைக் கசக்கி வைத்தால் அந்த வாசனைக்கு ஆண் பழ ஈ ஓடி வரும். அதில் ஒரு சொட்டு மருந்து விட்டால் வந்தது திரும்பாது. மடத்து முற்றத்தில் துளசி புதராக மண்டிக் கிடந்தது. மருந்துக்கும் குறைவில்லை. கடையை மூடியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்ன பாட்டிலை மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

‘நானா அதை அடிக்கிறேன்? தானா வந்து குடிச்சா அதுக்கு நான் என்ன பண்றது?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ‘மலட்டு ஈ ஒரு பக்கம் வேலை பார்க்கட்டும். நாம ஒரு பக்கம் கைகொடுப்போம்.’

தோப்பின் கடைசி வரிசையில், ஆள் போகாத பக்கமாக, துளசியும் மருந்தும் போட்ட கொட்டாங்கச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டார்.

இரண்டு நாளில் ஈ குறைந்துவிட்டது. அழகுராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே நாச்சியம்மையிடம் போனார்.

“அம்மா, தோப்புல ஈ குறைஞ்சுடுச்சு.”

“அதுக்குள்ளயா?”

“எல்லாம் அந்த மலட்டு ஈயோட வேலைதான்,” என்றார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

“வாங்க அண்ணே, பார்ப்போம்.”

இதை அழகுராசு எதிர்பார்க்கவில்லை. நாச்சியம்மைக்கு எதையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மரத்தையும் விடவில்லை. இலையைத் திருப்பினார், காயைத் தடவினார், கிளைக்குக் கிளை குனிந்து நிமிர்ந்தார். பின்னாலேயே போன அழகுராசுவுக்கு வேர்த்துக் கொட்டியது.

“அந்தப் பக்கம் முள்ளு அம்மா.”

“செருப்புப் போட்டிருக்கேன்.”

கடைசி வரிசைக்கு வந்தார். கொட்டாங்கச்சி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாச்சியம்மை அழகுராசுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்து அதைக் கையில் எடுத்தார்.

“உங்க துண்டைக் கொடுங்க அண்ணே.”

தரையில் வெள்ளைத் துண்டை விரித்துக் கொட்டினார். ஒரு குத்து ஈ விழுந்தது. துண்டில் ஈரம் பரவியது. ஈரத்தோடு சேர்ந்து ரோஸ் நிறமும் பரவியது.

அழகுராசு குனிந்து பார்த்தார். நெற்றி நெற்றியாக ரோஸ் பொடி.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“இது நான் விட்டது அம்மா,” என்றார். “என் கையால பை பிரிச்சு விட்டது. இது நம்ம ஈ.”

அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படக்கூட நேரமில்லாமல் வந்தது. மூட்டை மூட்டையாகப் பூச்சி செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட்ட ஆள் அவர். இன்றைக்கு ஒரு குத்து ஈக்காக அழுதார்.

நாச்சியம்மை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியால் ஈக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து அழகுராசு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னால முடியலை அம்மா. சொன்ன சொல்லைக் காப்பாத்தலை, உங்ககிட்டப் பொய்யும் சொல்லிட்டேன். பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்புறேன்.”

“ம்,” என்றார் நாச்சியம்மை. குச்சி ஓர் ஈயிடம் நின்றுவிட்டது.

அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

“இதுல பொடி இல்லையே.”

“அது நாம விட்டதில்லை. தோப்பு ஈ.”

நாச்சியம்மை அதை அழகுராசுவின் உள்ளங்கையில் வைத்தார்.

“இவ்வளவு நேரம் அழுதீங்களே அண்ணே. இதுக்கும் சேர்த்தா, இதை விட்டுட்டா?”

அழகுராசு உள்ளங்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“அவசரமில்லை,” என்று நாச்சியம்மை எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “யோசிச்சுப் பதில் சொல்லிட்டுக் கிளம்புங்க.”

மா மறுபடியும் பூத்துவிட்டது. அழகுராசு இன்னும் கிளம்பவில்லை.